ஈச்சவளவுக்கு எத்தனை கூப்பிடு

துரைக்கு ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷக் கோடைக்கு அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து குடும்பம் கொல்லிமலைக்கு வருவதாக இருந்தார்கள். எந்தப் பாதையில் நடந்தால் கண்ணுக்கு நல்ல காட்சி, எந்தெந்த ஊரைப் பார்க்கலாம், எத்தனை மைல், நிழல் எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று நடந்து பார்த்து எழுதிவர ஒரு ஆள் தேவைப்பட்டது. ஹெட்கிளார்க் ஆபீசில் இருந்த எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, விரலைக் காளியண்ணன் மேல் நிறுத்தினார்.

"உங்களுக்கென்னங்க ரைட்டர், ஊட்டுல ஆரு காத்துக் கெடக்கறாங்க? பத்து நாள் ஆற அமரப் போயிட்டு வாங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் சுருக்கென்றது. மனைவி பொன்னம்மாள் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி கிடையாது. சாயங்காலம் பூட்டைத் திறந்தது முதல் காலையில் மறுபடி பூட்டுகிற வரைக்கும் அந்த வீட்டில் கேட்கிற மனிதச் சத்தம் காளியண்ணனின் இருமல் ஒன்றுதான். ஆபீசில் அவர் ரைட்டர். சாப்பாட்டுக் கடையிலும் ரைட்டர். எதிர்வீட்டுக்காரருக்குப் பத்து வருஷப் பழக்கம், அவருக்கும் ரைட்டர்தான். காளியண்ணன் என்ற பெயர் சர்வீசு ரிஜிஸ்தரில் பத்திரமாக இருந்தது. புருஷன் பெயர் என்று பாராமல் அதை வாய் திறந்து சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஒருத்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தை மாதம் பிறந்து நாலாம் நாள், ஒரு நோட்டுப் புத்தகம், கறுப்புக் குடை, ஒரு பிடி புளியங்கொட்டை ஆகியவற்றோடு அவர் காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியிலிருந்து இறங்கினார். புளியங்கொட்டை தின்பதற்கு அல்ல, தூரம் அளப்பதற்கு. நூறு அடி நடந்தால் ஒரு கொட்டையை இடது ஜோப்பிலிருந்து வலது ஜோப்புக்கு மாற்ற வேண்டும். ராத்திரி தங்குகிற இடத்தில் கொட்டையை எண்ணி மைல் கணக்குப் போட வேண்டும். இப்படி ஒரு யோசனை தனக்கு உதித்ததில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

வழிகாட்ட வந்தவன் மலைமேல் உள்ள குண்டனி நாட்டுக்காரன், குழந்தைசாமி. முப்பத்தைந்து வயதிருக்கும். வழியெல்லாம் மிளகுக் கொடி படர்ந்த மரங்களைக் காட்டிக்கொண்டு, மூச்சு வாங்காமல் ஏறினான். புளியங்கொட்டைச் சங்கதியைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சரி, உங்க கணக்குத்தான் என்னப்பா? அடுத்த ஊரு எவ்வளவு தூரம்?"

"மூணு கூப்பிடுங்க."

"கூப்பிடுன்னா?"

"ஒருத்தரு நின்னு கூப்பிட்டா இன்னொருத்தரு காதுல உளுந்து பதில் வாற தூரமுங்க. அது ஒரு கூப்பிடு."

காளியண்ணன் விடுகிற ஆளா? முதல் கூப்பிடை அளந்தார், பதினோரு கொட்டை. அடுத்த கூப்பிடு ஏழே கொட்டை. இது என்ன அளவு என்று அவர் எரிச்சல்பட்டபோது, "காத்து எதுத்தாப்பல அடிச்சா கூப்பிடு சின்னதாயிருமுங்க" என்றான் குழந்தைசாமி, உலகத்துக்கே தெரிந்ததைச் சொல்கிறவன்போல. நோட்டில் மைல், பர்லாங்கு என்று இரண்டு கட்டம் போட்டு வந்திருந்தவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

ஆனால் இரண்டு நாள் போனதும் அந்த வழக்கம் அவருக்குப் பிடித்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் நேராக உள்ளே நுழைவதில்லை. ஊருக்கு மேலே உள்ள மேட்டில் நின்று, குழந்தைசாமி இரண்டு கையையும் வாயருகே குவித்து "ஓ...ஓய்!" என்று ஒரு குரல் கொடுப்பான். கீழேயிருந்து ஒரு வீடு பதில் கொடுக்கும். பதில் கொடுத்த வீட்டில்தான் அன்றைக்குக் கூழும் தண்ணீரும். பதில் வராவிட்டால் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று அர்த்தம். அதேபோல, விருந்தாளி கிளம்பி எதிர் மேட்டில் ஏறி நின்றதும், சோறு போட்டவர்கள் வாசலிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். போகிறவன் நல்லபடியாக மேடேறிவிட்டதாகப் பதில் கொடுக்க வேண்டும்.

"குழந்தெ...ய்!" என்று கீழேயிருந்து வரும். அவன் பதில் கொடுப்பான். காளியண்ணன் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மலையும் பள்ளமும் தாண்டி ரைட்டர் ஐயா என்று கத்துவதற்கு யாருக்கும் வாய் வராது. பெயரோ யாருக்கும் தெரியாது. இதற்கெல்லாமா ஒரு மனுஷன் வருத்தப்படுவான் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ஆனாலும் வருத்தப்பட்டார்.

ஆறாம் நாள் மத்தியானத்துக்குமேல் அவர்கள் ஏறி நின்ற மேட்டைப்போல ஒன்றை அவர் அதுவரை கண்டதில்லை. ஒரு பக்கம் மலை அடுக்கடுக்காகக் கீழே இறங்கி, முள்ளுக்குறிச்சிப் பக்கத்து வயல்கள் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தன. இன்னொரு பக்கம் பள்ளத்தில் பலா மரங்கள். அதற்கும் அப்பால் எங்கோ மறைவில் அருவி விழுகிற சத்தம், மேட்டுக்கே லேசாகக் கேட்டது. பட்டியலில் இதற்குத்தான் முதலிடம் என்று காளியண்ணன் அந்த நிமிஷமே தீர்மானித்தார். பள்ளத்தில் ஏழெட்டு வீடு தெரிந்தது. ஆறுக்குக் கூரை விழுந்து கிடந்தது. ஒன்றில் மட்டும் புகை.

"இது எந்த ஊரப்பா?"

காலையிலிருந்து வாயே திறக்காமல் வந்த குழந்தைசாமி, "ஈச்சவளவுங்க" என்றான். பிறகு கையைக் குவித்துக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். மூன்றாம் முறை அவன் குரல் நடுவிலேயே உடைந்துபோயிற்று. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அது அவன் பிறந்த ஊர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் பதினோரு பேரைக் கொண்டுபோயிற்று. அவனுடைய அண்ணன் செங்கோடனும் அதில் ஒருவன். மிச்சம் இருந்தவர்கள் வேறு ஊர்களுக்குக் குடிபோனார்கள். அண்ணி பெருமாயி மட்டும் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"திருநாளுல சாமி முன்னால நின்னு எல்லா ஊரு பேரையும் ஒண்ணொண்ணா சொல்லுவாங்க. அந்தந்த ஊருக்காரங்க 'இருக்கறோம்'னு சொல்லோணும். அண்ணி ஒத்தையாளு, ஊட்ட உட்டுட்டு வர முடியாது. அதுக்கோசரம் தையில ஒரு நாள் நான் இங்க வந்து கூப்பிடுவேன். பதில் வந்தா ஊரு இருக்குதுன்னு போயிச் சொல்லுவேன். மொத வருசம் பதில் வந்துதுங்க. அப்பறம் ரெண்டு வருசமா இல்லை. இது மூணாவது."

"மூணாவது வருஷமும் வரலைன்னா?"

"பேர எடுத்துருவாங்க. அதுக்கப்பறம் ஈச்சவளவுன்னு ஒரு ஊரே கெடையாதுங்க." அவன் மேற்கே இருந்த மொட்டைப் பாறையைக் காட்டினான். "பொழுது அந்தப் பாறையில எறங்கற வரைக்கும் இருக்குது. ஆனா வராதுங்க. ஒத்தையில உட்டுட்டுப் போயிட்டோமுன்னு கோவம். நாயந்தானுங்களே."

காளியண்ணன் கீழே பார்த்தார். புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. ஆள் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, கூப்பிட்டால் பதில் சொல்ல மட்டும் மனம் இல்லை. அவருக்குத் திடீரென்று பொல்லாத கோபம் வந்தது. தன்னைக் கூப்பிட இந்தப் பூமியில் ஒரு ஆள் கிடையாது. இங்கே ஒருத்தியை வருஷம் தவறாமல் மலையேறி வந்து, தொண்டை கிழியக் கூப்பிடுகிறான் ஒருவன். அவளானால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இருந்திருந்து இப்படி ஒரு திமிரா?

"நான் போயிப் பார்த்துட்டு வாரேன்."

"ஐயோ, வேண்டாமுங்க. பதில் வரலை."

"எனக்கு வீட்டுக் கணக்கு எழுதணுமப்பா. அது சர்க்கார் வேலை" என்று நோட்டைத் தட்டிக் காட்டிவிட்டு, அவர் குடையோடு இறங்கினார். மலைக்காரன் ஒருவன் செத்தாலும் செய்யாத காரியம் அது. கீழ்நாட்டுக்காரருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். குழந்தைசாமி மேட்டிலேயே நின்றான். கோபத்தில் இறங்கியதால் புளியங்கொட்டை மாற்றவும் அவர் மறந்துபோனார்.

வாசலில் ஒரு அறுபது வயதுக்காரி முதுகைக் காட்டி உட்கார்ந்து, பாயில் சாமையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா" என்றார். கனைத்தார். "ஏனுங்கம்மா!" என்று குரலை உயர்த்தினார். திரும்பவில்லை. இன்னும் இரண்டடி முன்னால் வைத்தபோது குடையின் நிழல் பாயின் மேல் விழுந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பி, பக்கத்தில் கிடந்த கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆரு நீ? கூப்பிடாம கொள்ளாம உள்ள வர்றதுக்கு இதென்ன சந்தையா?"

வாசலில் நிற்பவரோடு பேசுகிற குரலா அது? அடுத்த மலைக்கே கேட்டிருக்கும்.

"கூப்பிட்டோமுங்க. மூணு தடவை கூப்பிட்டாச்சு."

"என்னத்த வாய்க்குள்ளயே முணுமுணுக்கறே? தெம்பாப் பேசு."

அவர் கத்திச் சொன்னார். அவள் அவருடைய வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, கையை ஒரு வீசு வீசினாள். "பொய் பேசாதீங்க சாமி. இந்த மேட்டு மேல ஒரு கொரலு கேட்டு மூணு வருசம் ஆச்சு. எங்கொழுந்தன் குழந்தெ, நான் இடுப்புல தூக்கி வளத்தவன், அவனே வரலை. வேற ஆரு வரப் போறா?"

இருந்தாலும் வாசலுக்கு வந்தவரை நிற்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச ஆள் கிடைத்ததில் கோபம் இறங்கி, பேச்சு அவளாகவே வந்தது.

"எல்லாந்தான் போயிருச்சு. மொதல்ல மனுசங்க போனாங்க. அப்பறம் குக்குறுவான் குருவி போயிருச்சு. விடிஞ்சா அந்தப் பலா மரத்துல ஒளிஞ்சுக்கிட்டு என்ன கத்துக் கத்தும்! இப்ப மூச்சே காணோம். போன வருசம் அருவியும் வத்திப் போச்சு சாமி. ஊரு காலியானா தண்ணிகூட தங்காதாட்டம் இருக்குது."

காளியண்ணன் வாயில் இருந்த தண்ணீரை விழுங்க மறந்தார். வீட்டுக்குப் பின்னால், மலை மடிப்புக்கு அந்தப் பக்கம், அருவி கொட்டி முழக்கிக்கொண்டிருந்தது. பலா மரத்தின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத குக்குறுவான் ஒன்று, அவர் வந்ததிலிருந்து நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது.

இதை எப்படிச் சொல்வது? பேசாமல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார். அவள் சாமையைப் பார்க்கத் திரும்பியபோது, கையிலிருந்த சொம்பை அவள் முதுகுக்குப் பின்னால் உயர்த்தி, வாசல் கல்லின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்துக்குக் குக்குறுவானே ஒரு கணம் அடங்கிற்று. பெருமாயி அசையவில்லை. இரண்டாம் முறை தட்டியபோது தற்செயலாகத் திரும்பி, கல்லில் மோதுகிற சொம்பைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு அருகே வந்து சொம்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"சத்தம் வந்துதா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அருவி?"

மறுபடி ஆட்டினார். அவள் தலையைத் திருப்பி மேட்டைப் பார்த்தாள்.

"குழந்தெ கூப்பிட்டானா?"

"வருஷா வருஷம் கூப்பிட்டாருங்க!" என்று அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். கத்தும்போது அவருக்கே கண் கலங்கிற்று. "இன்னைக்கும் கூப்பிட்டாரு. மேட்டு மேலதான் நிக்கறாரு!"

பெருமாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போன மழையில சட்டி கைநழுவி உளுந்துச்சு. ஒடைஞ்சதப் பாத்தேன், சத்தம் வரலை. அப்பவே தெரிஞ்சுது சாமி. ஆனா மனசு ஒத்துக்கலை. காது போச்சுன்னா ஆரு மேல கோவப்படறது? அவங்க கூப்பிடலைன்னா, கோவப்படறதுக்காச்சும் ஆளு இருக்குதில்ல?"

அவர் மேற்கே கையைக் காட்டினார். சூரியன் மொட்டைப் பாறையைத் தொட்டுவிட்டிருந்தது.

அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறுபது வயதுக்காரி எழுந்து, சாமைப் பாயை மிதித்துக்கொண்டு வாசல் கோடிக்கு ஓடினாள். மேட்டைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"ஓ...ஓய்! ஈச்சவளவு இருக்குதுடா குழந்தெ! இருக்கறோம்டா!"

பிறகு மேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது கூப்பிடுகிற குரல்போல இல்லை. பெரிய ஆம்பிளை ஒருவன் குழந்தைபோல அழுகிற சத்தம்.

பெருமாயி காளியண்ணனின் முகத்தைப் பார்த்தாள். "பதில் குடுத்தானா?"

"குடுத்தாருங்க."

"என்ன சொன்னான்?"

"அண்ணீன்னாரு."

குழந்தைசாமி விழுந்து எழுந்து ஓடிவந்தான். முழங்காலில் ரத்தம். "ரெண்டு வருசமும் மேட்டு மேல நின்னு அழுதுட்டுத் திரும்பிப் போனேனே அண்ணி! ஒருக்கா எறங்கி வந்து பாத்திருக்கலாமே!" அவன் சொன்னதில் எவ்வளவு அவளுக்குப் புரிந்ததோ தெரியாது. "பதில் வராத வாசலுக்கு நீ எப்படிடா வருவே? மொறை மொறைதான்" என்று அவன் தலையைத் தடவினாள். பிறகு அடுப்பைக் கிளறப் போனாள்.

கூழ் குடிக்கும்போது, தன்னோடு வந்துவிடும்படி அவன் சைகையாலும் சத்தத்தாலும் கெஞ்சினான். அவள் அசைந்து கொடுக்கவில்லை. "நானும் வந்துட்டா அடுத்த தையில ஆருடா பதில் சொல்லறது?" கூப்பிட்டால் கேட்காதே என்று அவன் விழித்தபோது, காளியண்ணன் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்து விரித்துக் காட்டினார். மேட்டில் நின்று குடையை விரித்தால், வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து அவள் குரல் கொடுக்கலாம். பெருமாயிக்குச் சட்டென்று புரிந்தது. பல் இல்லாத வாயால் சிரித்தாள்.

"உங்க பேரென்ன சாமி?"

"ரைட்டருங்க."

"அது உத்தியோகமில்ல? உங்கம்மா வெச்ச பேரு என்ன?"

காளியண்ணன் என்று இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தன் பெயரைத் தானே கத்திக் கேட்பது அவருக்கு என்னவோபோல் இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். கையை விரித்தார். அவள் இன்னொரு அகப்பை கூழ் ஊற்றினாள்.

பட்டியல் என்னவாயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஈச்சவளவு, வீடு ஒன்று, காட்சி மிக உத்தமம், தூரம் ஒரு கூப்பிடு என்று காளியண்ணன் எழுதிக் கொடுத்தார். ஒற்றை வீட்டையெல்லாம் ஊர் என்று எழுதுவார்களா, கூப்பிடு என்றால் என்ன எழவு என்று கேட்டு, துரை அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். துரையின் சிநேகிதர்கள் அந்த மேட்டைப் பார்க்காமலே இறங்கிப் போனார்கள். அது அவர்கள் கொடுத்துவைத்தது அவ்வளவுதான். அந்த வருஷத் திருநாளில் ஈச்சவளவின் பெயரைச் சொன்னார்கள். குழந்தைசாமி 'இருக்கறோம்' என்றான்.

அன்றிரவு ஈச்சவளவில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் இருவரும் கிளம்பி மேடேறினார்கள். உச்சிக்கு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் குடையைக் குழந்தைசாமியிடமே விட்டுவிடுவது என்று காளியண்ணன் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது கீழேயிருந்து குரல் வந்தது. வழக்கம்போல வழிகாட்டியைக் கூப்பிடுகிறாள் என்று அவர் ஒதுங்கி நின்றார்.

"காளியண்ணோ...ய்!"

அந்தப் பெயரை ஒருவர் வாய் திறந்து கூப்பிட்டு நாலு வருஷம். கீழே வாசல் கோடியில், நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு, ஒரு சின்ன உருவம் மேட்டையே பார்த்து நின்றது.

"இருக்கறேனுங்க...!" என்று காளியண்ணன் முழுத் தொண்டையில் பதில் கொடுத்தார்.

"அண்ணிக்குக் கேக்காதுங்களே" என்றான் குழந்தைசாமி மெதுவாக.

"தெரியுமப்பா" என்றார். மறுபடியும் கையைக் குவித்துக்கொண்டு, இருக்கறேன், இருக்கறேன் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினார். அதற்குப் பிறகுதான் குடையை விரித்தார்.